பாதி அடுப்பு

எங்கள் தீவில் ஆள் கிடையாது என்று எழுதி வாங்குவதற்குத்தான் என்னைச் சம்பளம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வாயைத் திறந்து யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லுவார்களா? "தாகுவான் தீவில் சோதனை அகழாய்வு, சின்னச் சின்னக் குழிகள், ஒரு மாத வேலை" என்றுதான் சொன்னார்கள். ஆனால் படைத்துறைக்குக் குண்டு போட்டுப் பழக ஒரு தீவு வேண்டும், அந்தத் தீவின் மண்ணுக்கடியில் பெரிதாக எதுவும் இருக்கக்கூடாது, இருந்தாலும் இது எங்களுடையது என்று கேட்க ஆள் இருக்கக்கூடாது. இதெல்லாம் பெரிய தீவான சைப்பானின் சந்தையில் மீன் விற்கிறவளுக்குக்கூடத் தெரியும்.

தெரிந்தும் ஏன் வந்தாய் என்று என் அக்கா கேட்டாள். நான் வராவிட்டால் தாகுவான் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஒருவன் வந்து தோண்டுவான், அதனால் வந்தேன் என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அக்கா எங்கிராசியா தாகுவானில்தான் குடியிருக்கிறாள், தன் புருஷன் மெல்சோரோடு. எரிமலை வெடித்து, ஊரையே ஒரு சரக்குக் கப்பலில் அள்ளிப்போட்டுச் சைப்பானுக்குக் கொண்டுபோனபோது எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பதினாறு. மலை அடங்கியதும் திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்றார்கள். மலை எப்போதோ அடங்கிவிட்டது. கொண்டுவந்து விடுகிறோம் என்றவர்களைத்தான் காணோம். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனதும் அக்கா கொஞ்சம் தகரத்தையும் நான்கு கோழிகளையும் படகில் ஏற்றிக்கொண்டு தானே வந்துவிட்டாள். அரசாங்கக் கணக்கில் தாகுவானின் மக்கள்தொகை இன்றைக்கும் பூஜ்யம்.

"அப்ப நானும் உங்க அத்தானும் என்னடி? ஆவியா?" என்பாள்.

எங்கள் குழுவுக்குத் தலைவர் விட்லாக். கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்திருந்தால் முதல் நாளே சண்டை போட்டு முடித்திருப்பேன். ஹவாயிலிருந்து வந்தவர், தலை நரைக்கும்வரை தீவு தீவாகக் குழி தோண்டியவர். மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவார். ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் ஒரு விரல்கூட அசைக்க மாட்டார். அந்தத் தாளில் ஒரு விதி இருந்தது: குழியில் அடுத்தடுத்து இரண்டு அடுக்கு வெறுமையாக வந்தால் அதோடு நிறுத்திவிட்டு அடுத்த குழிக்குப் போகலாம்.

எரிமலைத் தீவில் இந்த விதியின் அழகைப் பாருங்கள். மேலே ஒரு சாண் கறுப்பு மண். அதற்குக் கீழே நான் எட்டு வயதில் பார்த்த சாம்பல், இடுப்பளவு. சாம்பலுக்குள் என்ன இருக்கும்? சாம்பல்தான் இருக்கும். ஒவ்வொரு குழியும் சாம்பலுக்குள் கொஞ்சம் இறங்கும், இரண்டு அடுக்கு வெறுமை என்று எழுதுவோம், மூடுவோம். என் ஊர் அதற்கும் கீழே கிடந்தது. போர்வையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் ஆள் இல்லை என்று சொல்வதுபோல இருந்தது எங்கள் ஆராய்ச்சி.

"சாம்பலுக்கு அடியில போகணும் விட்லாக்."

"எனக்குத் தெரியாதா ரூஃபினா? ஒரு குழிக்கு இவ்வளவு நேரம்னு வெட்டிக் குடுத்திருக்காங்க. இடுப்பளவு சாம்பலை அள்ள ஆள் எங்க, நாள் எங்க?"

"அப்ப எதுக்கு வந்தோம்?"

"விதிப்படி தோண்ட வந்தோம்" என்றார். சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

சாயங்காலங்களில் குழு முழுவதற்கும் சாப்பாடு அக்கா வீட்டில்தான். தீவில் இறங்கியவனுக்குச் சோறு போடாமல் விடுவது எங்களிடம் கிடையாது, அவன் எதற்காக இறங்கியிருந்தாலும் சரி. ஆனால் ஒவ்வொரு கரண்டியோடும் ஒரு குத்து வரும்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க. ஆள் இல்லாத தீவுல சாப்பாடு மட்டும் கெடைக்குது பாருங்க, என்ன அதிசயம்!" என்று விட்லாக்கின் தட்டில் தென்னை நண்டை வைப்பாள். பிறகு என் பக்கம் திரும்புவாள். "இன்னைக்கு எனக்கு எத்தனை குழிடி வெட்டின?"

"உனக்கு எதுக்கு அக்கா குழி?"

"பின்ன யாருக்கு? இங்க இருக்கறவங்களப் பொதைக்கத்தானே கரணையோட வந்திருக்க."

மெல்சோர் அத்தான் நண்டுக் காலை உடைத்து, சதையை எனக்குத் தள்ளிவிட்டு, ஓட்டைக் கோழிக்குப் போடுவார். நான் அந்தச் சதையையும் கோழிக்கே தள்ளிவிடுவேன். அக்கா சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் காரணம்.

மே மாதம் பாதியில் உழவர்களின் புனிதரான சான் இசித்ரோவின் திருநாள் வந்தது. அதற்கு முந்தின நாள் விட்லாக் புதுக் குழிகளுக்கு முளை அடித்து நூல் கட்டினார். வரைபடத்தில் கட்டம் போட்டு, கட்டம் எங்கே விழுகிறதோ அங்கே குழி. ஒன்று போய் அக்கா வீட்டுக்குப் பின்னால், சீமைப்பலா மரத்தடியில் விழுந்தது. மறுநாள் திருநாள் என்பதால் எங்களுக்கு விடுமுறை.

காலையில் காப்பிக் கோப்பையோடு கூடாரத்தை விட்டு வெளியே வந்த விட்லாக், மரத்தடியில் புகை எழுவதைப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைக்காமலே ஓடினார். பின்னால் நானும் ஓடினேன். நூலைக் காணோம், முளைகளைக் காணோம். சதுரம் இருந்த இடத்தில் ஒரு குழி, குழிக்குள் நெருப்பு, நெருப்பின் மேல் சிவந்துகொண்டிருக்கும் கற்கள். பக்கத்தில் வாழையிலைக் கட்டும், உப்புத் தடவிய பன்றியும், ஒரு கூடை சீமைப்பலாவும், சேம்பும் தயாராக இருந்தன.

"என் முளைக்குச்சி எங்க?" என்று கத்தினார்.

"அதா? அடியில எரியுது" என்றாள் அக்கா. "நல்லாக் காஞ்ச குச்சியா நட்டு வெச்சிருந்தீங்க. திருநாளாச்சேன்னு எனக்குத்தான் வெச்சிட்டுப் போனீங்கன்னு நெனச்சேன்."

"இது அகழாய்வுக் குழிம்மா!"

"இது அடுப்புக் குழி. சான் இசித்ரோவுக்கு இங்கதான் சமைக்கறது."

"தீவு முழுக்க எடம் கெடக்கே!"

"உங்க வீட்டுல அடுப்ப வருஷத்துக்கு ஒரு எடமா மாத்துவீங்களா தொரை?"

விட்லாக் என்னைப் பார்த்தார். முகம் கல்லைவிடச் சிவந்திருந்தது. "இந்தக் குழி கெட்டுப்போச்சு. மேல் அடுக்கக் கலைச்சிட்டாங்க. இதக் கணக்குலயே சேக்க முடியாது. நாளன்னைக்கு அஞ்சு அடி தள்ளி வேற ஒண்ணு போடுவோம்."

எனக்கும் அக்கா மேல் ஆத்திரம்தான். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாமே! ஆனால் எங்கள் குடும்பத்தில் உயிரோடு இருக்கிறவர்களிடம் கேட்டுச் செய்யும் வழக்கம் கிடையாது. செத்தவர்களிடம் மட்டும்தான் கேட்போம். அத்தான் மண்வெட்டியை எடுக்கும் முன்னால் மரத்தைப் பார்த்துக் கும்பிட்டு ஏதோ முணுமுணுத்திருப்பார், அத்தோடு அனுமதி வாங்கியாயிற்று.

மத்தியானம் மண்ணைத் தள்ளி இலையைப் பிரித்தார்கள். கோபமாக இருந்த விட்லாக்கும் வந்து உட்கார்ந்தார். அந்த வாசனைக்கு வராமல் இருக்க முடியாது. நான் கொழுப்புச் சொட்டும் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பேச்சுக்குத்தான் கேட்டேன்:

"இந்தக் கல்லெல்லாம் எங்கருந்து அத்தான்? கடற்கரையிலேருந்தா?"

"கடல் கல்லு நெருப்புல வெடிக்கும்."

"பின்ன?"

"அடியிலேருந்து. உங்கம்மா அடுப்புக் கல்லு."

மெல்லுவதை நிறுத்திவிட்டேன். "எந்த அடியிலேருந்து?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா வேறு பக்கம் பார்த்தாள். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னார். "நாங்க வந்த வருஷம் சாம்பல ஓரமாக் கெணறு மாதிரி வெட்டி எறங்கினேன். உங்கம்மா அடுப்பு அப்படியே இருந்துச்சு. கூடை நெறையக் கல்லு எடுத்தேன். மீதி அங்கயே இருக்கு."

"அதுக்குக் கீழ?"

"சாம்பல். வேற நெறச் சாம்பல். அதுக்குக் கீழ மறுபடியும் கல்லு, கறுத்த கல்லு. அதத் தொடல."

"ஏன் தொடல?"

"யாரு அடுப்புன்னே தெரியாம அதுல கைய வெக்கறதா? மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லி மூடிட்டேன்."

"இத்தன நாள் என் பக்கத்துல உக்காந்து நண்டு தின்னீங்களே, ஒரு வார்த்த சொல்லலையே!"

பதில் அக்காவிடமிருந்து வந்தது. "சொன்னா நீ எழுதுவ. எழுதினா பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போவாங்க. அம்மாவத்தான் சைப்பான்ல பொதைக்க வேண்டியதாப் போச்சு. அவ அடுப்பாவது இங்க இருக்கட்டும்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு. நான் கரணை, சல்லடை, அளவு நாடா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். விட்லாக் வந்து குறுக்கே நின்றார்.

"ரூஃபினா, அந்தக் குழி கணக்குல இல்ல. அனுமதி இல்லாமத் தோண்டினா வேலை போயிடும். நான் போக்கணும்னு இல்ல, தானா போயிடும்."

"அந்த எடத்துல முளை அடிச்சது யாரு?"

"நான்தான்."

"அனுமதி இருந்ததாலதானே அடிச்சீங்க? எரிஞ்சது முளைதான். அனுமதி எரியல."

அவர் போய் நிழலில் ஐஸ்பெட்டி மேல் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து அக்கா. கரண்டியோடு வந்து நின்றாள். "என் அடுப்புல கைய வெச்ச, ஒடிச்சிடுவேன்."

"பாதி குடு போதும்."

"பாதியா?"

"ஒரு பாதிய நான் தோண்டறேன். மறு பாதி உன்னுது. அதுல ஒரு கல்லக்கூட அசைக்க மாட்டேன். எதையும் பெட்டியில போட மாட்டேன். அம்மா மேல சத்தியம்."

கரண்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். பிறகு கரண்டிக் காம்பால் அடுப்பின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். "இந்தக் கோட்டத் தாண்டாத." அடுப்பு கிடைத்தால் நடுவில் அறுத்து ஒரு பாதியை மட்டும் எடுத்து, மறு பாதியைச் சுவராக நிற்க வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் தொழில் வழக்கமும். அது அவளுக்குத் தெரியாது. தன் பங்கைக் காப்பாற்றிக்கொண்ட நிம்மதியோடு வீட்டுக்குள் போனாள்.

நான் மரத்தடியில் நின்று, எங்கள் வழக்கப்படி கேட்டேன். பெரியவங்களே, உங்க எடத்துல கால் வெக்கறேன், பொறுத்துக்கோங்க. நீங்க எங்க எடத்துக்கு வந்தா கேக்காமலே வாங்க. அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது நாக்கு தடுமாறியது. எங்கள் இடம் எது, அவர்கள் இடம் எது என்று அப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நேற்றைய கற்களில் இன்னும் சூடு இருந்தது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தேன். பன்றிக் கொழுப்பு, கரி, விட்லாக்கின் முளைக்குச்சி ஒன்றின் கருகிய அடிக்கட்டை. பிறகு சாம்பல். அள்ள அள்ள வந்தது. அத்தான் வந்து வாளியைப் பிடித்துக்கொண்டார். வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் கரணை 'டங்' என்றது. அம்மாவின் அடுப்பு. கல், நண்டு ஓடு, நீல ஓரம் போட்ட பீங்கான் தட்டின் உடைந்த துண்டு. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"அத ஒடச்சது நீதான்" என்றாள். "அடி வாங்கினது நான்."

அதற்குக் கீழே பழுப்புச் சாம்பல். அதற்குக் கீழே அத்தான் தொடாமல் விட்ட கறுத்த கற்கள், நடுவில் தடித்த சிவப்பு மண்பாண்டத் துண்டுகள், மீன் முள், மரம் செதுக்கச் சிப்பியில் செய்த வாய்ச்சியின் முனை. அதற்குக் கீழே இன்னொரு சாம்பல், கெட்டியானது. அதற்கும் கீழே மறுபடி கரி, மறுபடி கல். அதைப் பார்த்ததும் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். நான்கு அடுப்புகள், ஒன்றன் மேல் ஒன்று, ஒரு சாண்கூட நகராமல். மலை ஒவ்வொரு முறை வெடித்து மூடியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒருத்தி திரும்பி வந்து, சாம்பலை விலக்கி, பழைய கல்லைத் தேடி எடுத்து, அதே இடத்தில் நெருப்பு மூட்டியிருக்கிறாள். அத்தனை பேரும் எங்கிராசியா மாதிரியே பிடிவாதக்காரிகளாக இருந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் பிறகுதான் வந்தது. முதலில் கோபம் வந்தது. இந்த இடத்துக்கா ஆள் இல்லை என்கிறீர்கள்?

தலைக்கு மேல் நிழல் விழுந்தது. விட்லாக். எப்போது திரும்பினார், எப்போது எழுந்து வந்தார் என்று தெரியாது. மண்டியிட்டுச் சுவரைத் தடவினார். "அடேயப்பா" என்று மட்டும் சொன்னார். பிறகு தூரிகையை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டார். சாயங்காலம்வரை இருவரும் சுவரைத் துடைத்தோம். நல்ல வேலைக்காரர், அதை மறுக்க மாட்டேன்.

சண்டை படம் வரையும்போது வந்தது.

"கீழ ரெண்டையும் எழுதிடறேன்" என்றார். "பழைய குடியிருப்பு, ரொம்ப முக்கியம். பெரிய அளவுல தோண்டி, எல்லாத்தையும் பத்திரமா எடுத்து அருங்காட்சியகத்துல வெப்பாங்க."

"எடுத்தப்புறம்?"

அவர் பென்சிலைச் சீவத் தொடங்கினார்.

"எடுத்தப்புறம் காலி எடம்னு குண்டு போடுவாங்க. மேல ரெண்டு என்னாச்சு?"

"அது பழசு இல்ல ரூஃபினா. அம்பது வருஷம் ஆகாதத நாம கணக்குல எடுக்கறதில்ல. கீழ் அடுக்கோட கோடு போட்டு, கைவிடப்பட்ட ஊர்னு எழுதறேன். அதுல பொய் என்ன இருக்கு?"

"முழுப் பொய். யாரு கைவிட்டா? கப்பல்ல ஏத்தினவங்க கைவிட்டாங்க. நாங்க விடல."

நான் சுவரை அடியிலிருந்து உச்சிவரை வரைந்தேன். பெயர் தெரியாத இரண்டு அடுப்புகள், அம்மாவின் அடுப்பு, எங்கிராசியாவின் அடுப்பு. நடுவில் எங்கும் கோடு போடவில்லை. விட்லாக் ரப்பரை நீட்டி, "மேல ரெண்டையும் அழிச்சிடு, உன் நல்லதுக்குச் சொல்றேன்" என்றார். ரப்பரை வாங்கி அக்காவின் பாதி அடுப்புக்குள் வீசினேன்.

"கழுத, நாளைக்கு அதுல சமைக்கணும்!" என்று அக்கா அதைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

திங்கட்கிழமை ஹெலிகாப்டரில் ஓர் அம்மாள் வந்து இறங்கினாள். பெயர் ஹாலோவே. குழிகளைப் பார்த்து, வேலை முடிந்தது என்று சொல்லவேண்டிய அதிகாரி. ஆள் வருகிறாள் என்று தெரிந்ததுமே அக்கா விடியற்காலையில் தன் பாதியில் கல்லை அடுக்கித் தீ மூட்டிவிட்டாள். ஆக, ஹாலோவே மரத்தடிக்கு வந்தபோது கண்ட காட்சி இது: ஒரு பக்கம் ஆள் மறையும் ஆழத்தில் வெட்டிய குழி, அதன் சுவரில் கறுப்பும் சாம்பலுமாக நான்கு அடுப்புக் கோடுகள். சுவரின் உச்சியில், கத்தியால் அறுத்ததுபோல் நின்ற பாதி அடுப்பிலிருந்து புகை. அதன் பின்னால் கரண்டியோடு எங்கிராசியா.

விட்லாக் குச்சியால் காட்டிக் காட்டி விளக்கினார். எந்தச் சாம்பல் எப்போது, எந்தப் பாண்டம் எவ்வளவு பழசு. ஹாலோவே குழியின் விளிம்பில் குனிந்து, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டாள்:

"ஆக, இங்க மனுஷங்க கடைசியா இருந்தது எப்போ?"

இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலில்தான் தீவே நிற்கிறது. விட்லாக் தொண்டையைச் செருமினார். அதற்குள் புகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னும் கால் மணி நேரம் ஆகும். பன்னி வேகல."

யாரும் சிரிக்கவில்லை. ஹாலோவே அக்காவைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள், சுவரின் மேல் கண்ணைக் கீழே இறக்கி மறுபடி மேலே ஏற்றினாள். பிறகு விட்லாக்கிடம், "அந்த மேல இருக்கறது?" என்றாள்.

விட்லாக் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் குச்சியைத் தூக்கிப் புகையைக் காட்டினார்.

"அதுதான் கடைசி அடுக்கு" என்றார். "அது இன்னும் முடியல."

அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். ஹாலோவே நன்றாகச் சாப்பிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்ட இருக்கற தாள்ல இங்க யாருமே இல்லன்னு இருக்கு" என்றாள்.

"தாளத் திருத்திக்கோங்க. இன்னொரு துண்டு வெக்கட்டுமா?" என்றாள் அக்கா.

"வைங்க. ஆனா ஆள் இருக்கற எடம்னு நான் எழுதினா, குழி தோண்டறது மட்டும் போதாது. இருக்கறவங்ககிட்டச் சம்மதம் கேக்கணும்."

"கேட்டா குடுக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன், அலையாதீங்க."

ஹாலோவே சிரித்தாள். ஆனால் எழும்போது என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "கண்ணால பாத்தத எழுதுவேன். ஆனா இதோட முடியாது. வேற ஆள அனுப்புவாங்க, வேற எடத்துல முளை அடிப்பாங்க."

சம்மதம் இல்லாமல் இனி தோண்ட முடியாது என்பதால் மறுநாளே படகு வந்தது. கூடாரங்கள் ஏறின, சல்லடைகள் ஏறின, பெட்டிகள் காலியாகவே ஏறின. விட்லாக் என் பையைத் தூக்கக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"வேலை?" என்றாள் அக்கா, பக்கத்தில் வந்து.

"போயிருக்கும்."

"எத்தன நாள் இருப்ப?"

"கேக்காமலே வரலாம்னு சொல்றதுதானே நம்ம வழக்கம்."

"அது செத்தவங்களுக்குடி" என்றாள். ஆனால் என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "சரி, போய் உன் பாதிய மூடு. மழை வந்தா என் பாதியும் சரிஞ்சிடும்."

படகு கிளம்பி அலையைத் தாண்டும்போது அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள். எஞ்சின் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் விட்லாக்கிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

"தொரை! அடுத்த தடவ ஆள அனுப்பினா முளைக்குச்சி நெறையக் குடுத்து அனுப்புங்க! நல்லா எரியுது!"